ஒருமுறை தட்டினால் நிறுத்த வேண்டும்

முதல் நாளே பயிற்சி ஆசிரியை தெளிவாகச் சொல்லியிருந்தார். "நடுவுல உங்க வீட்டுப் பெரியவங்க கூப்பிட்டா எழுந்து போயிடுங்க. கிளாஸ் எங்கயும் ஓடிப் போயிடாது." இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அந்த அம்மாள் மேல் பழி போடக் கூடாது. அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். எதையும் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு.

என் மாமனார் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்தவர். பெரும்பாலும் கடலூர்–சிதம்பரம் தடம். மாமியார் இறந்த பிறகுதான் அவருடைய மறதி எங்களுக்குத் தெரிய வந்தது. அதுவரை அவர் மறந்ததையெல்லாம் மாமியார் நினைவில் வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது. நாங்கள் இருப்பது கடலூர் முதுநகரில். கணவருக்கு சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகள் யூகேஜி படிக்கிறாள். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மதியம் வரை வீட்டில் நானும் மாமாவும் மட்டும்தான்.

நோய் வந்த பிறகும் அவர் டூட்டியில்தான் இருந்தார். துண்டைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"எங்கம்மா போவணும்?"

"சிதம்பரம் மாமா."

"கொழந்தைக்கு எத்தினி வயசு?"

"அஞ்சு."

"மூணுன்னு சொல்ல மாட்டியா? எல்லாரும் மூணுன்னுதான் சொல்லுவாங்க. பொழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே. அரை டிக்கெட் எடு."

மகள் குதிப்பாள். "தாத்தா, நான் யூகேஜி."

"யூகேஜின்னா எதுக்கு அம்மா மடியில ஒக்காந்திருக்க? தள்ளி ஒக்காரு. நிக்கிறவங்களுக்கு எடம் வேணாம்?"

இப்படிப்பட்ட நாட்களும் இருந்தன. கசப்பை மட்டும் எழுதிவிடுவேனோ என்ற பயத்தில்தான் இதையும் சேர்க்கிறேன்.

அவரிடம் பழைய விசில் ஒன்று இருந்தது. விடியற்காலையில் தெருவில் நின்று அதை ஊதுவார். எதிர்வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். "பஸ்ஸே வராத தெருவுல தினம் பஸ் கெளம்புது." ஒரு மாதம் கழித்து அவரே வந்து, பையனுக்குப் பரீட்சை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சிதம்பரத்தில் இருக்கும் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது விசிலைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் என் கணவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

விசில் போன பிறகு மாமா தட்ட ஆரம்பித்தார். கட்டில் கால், கதவு, சுவர், சாப்பாட்டு மேஜை என்று கைக்கு எட்டியதில் எல்லாம் தட்டுவார். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்பலாம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாமா தட்டுவதும் அதே கணக்குத்தான் என்று எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான். சாப்பிட்டு முடித்தால் மேஜையில் இரண்டு தட்டு: போகலாம். குளித்துத் துண்டு கட்டினால் இரண்டு தட்டு. ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு அமைதியாக இருந்தால், அவருக்கு நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். அநேகமாக அது கழிப்பறைக்காக இருக்கும். வாயால் கேட்கும் வார்த்தை போய் நாளாகிவிட்டது. அந்த ஒரு தட்டு மட்டும் மிச்சம் இருந்தது.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லா கவனிச்சிருக்கீங்க. அதைக் காப்பாத்துங்க. தட்டின உடனே கூட்டிட்டுப் போங்க, காக்க வெக்காதீங்க. புதுசா எதையும் இனிமே கத்துக்க மாட்டாரு. இருக்கிறது போயிட்டா திரும்ப வராது."

டாக்டர் சொன்னது ஒருபக்கம் இருக்க, வீட்டில் வேறொரு முடிவும் எடுத்திருந்தார்கள். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அண்ணி போன் ஸ்பீக்கரில் இருந்தார்.

"இதுவரைக்கும் ஓகேக்கா. படுக்கையிலயே போக ஆரம்பிச்சிட்டா ஹோம்தான். வீட்ல பொண்ணு வளருது" என்றார் கணவர்.

"நான் வெச்சுக்க மாட்டேன்னா சொல்றேன்? எங்க வீடு மாடிடா. படி ஏறுவாரா அவரு? இங்க சிதம்பரத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஹோம் இருக்கு. நல்லா பாத்துக்கிறாங்களாம்."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த ஒரு தட்டு இருக்கும்வரை மாமா எங்கள் வீட்டில் இருப்பார். அது நின்றால் போய்விடுவார். ஆகவே அது என் பொறுப்பு.

அவருடைய அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வந்தது அதற்கும் முந்தைய கதை. ஒருநாள் நான் துணி காயப்போட்டு இறங்குவதற்குள் வெளியே போய்விட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்களிடம் சில்லறையாகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். பணி முடிந்து வந்த ஒரு கண்டக்டர் அடையாளம் கண்டு ஆட்டோவில் கூட்டி வந்தார். "எங்க டெப்போ ஆளுதாம்மா. டூட்டி முடிஞ்சிதுன்னு சொல்லிக் கூட்டியாந்தேன், ஒடனே வந்துட்டாரு" என்றார். மறுநாள் கணவர் தாழ்ப்பாளைப் பொருத்தினார். நான் குளிக்கும்போதும் மகளைக் கூட்டிவரப் போகும்போதும் மட்டும் போடுவது என்று பேச்சு.

பயிற்சியின் லிங்க்கை அனுப்பியது அண்ணிதான்.

"யூட்யூப் வீடியோ இல்ல. ஜூம்ல நேரா நடத்துறாங்க. எட்டு வாரம். மறதி நோய்க்காரங்கள வீட்ல வெச்சுப் பாக்கிறவங்களுக்கு. மனசு அமைதியாவுமாம்."

"மாமாவுக்குத்தானே அண்ணி நோய்?"

"நீ போன்ல பேசுறதக் கேட்டா யாருக்கு வைத்தியம் பாக்கணும்னு எனக்கே டவுட்டு வருது."

எனக்கு வேண்டியிருந்தது எட்டு வாரத்துக்கு ஒரு ஆள். கிடைத்தது எட்டு வாரத்துக்கு ஒரு லிங்க். ஆனாலும் அண்ணி சொன்னது பொய்யில்லை. அந்த வாரம்தான் மாமா மருந்தைத் துப்பியதற்கு நான் கத்திய கத்தலில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்படிப் பொத்திக்கொண்டு நின்றது கண்ணிலேயே இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்கு வகுப்பு. முக்கால் மணி நேரம். கேமராவைப் போட்டு வைக்க வேண்டும், முடிந்தவரை சத்தமில்லாத அறையில் உட்கார வேண்டும். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். எல்லாம் தூங்காத முகங்கள். மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து வயதான ஒருவர் வருவார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியைப் பார்த்துக்கொள்பவர். "என் சம்சாரம் இப்ப என்னை யாருடா நீன்னு கேக்கிறா. கல்யாணமாகி நாப்பது வருஷத்துல இவ்வளவு தைரியமா பேசினதே இல்லீங்க" என்பார். சிரிப்போம். வெளியாட்களிடம் அப்படிச் சிரிக்க முடியாது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஒருவர் என்னைப் பார்த்து "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். வேறு யாரும் அப்படிக் கேட்கவில்லை. வகுப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாம் வாரம் ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பத்து நிமிஷம் பார்க்கச் சொன்னார்கள். அதன் சுருக்கம், மினுமினுப்பு, வாசனை எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். வீட்டில் திராட்சை இல்லை. முந்திரிப் பருப்பு இருந்தது, எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. அதன் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்துவிட்டு, "அவருதான் கரெக்டா சாப்பிடுறாரு" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் கேமராவில் என் கட்டத்தைப் பார்த்தபோது மாமாவின் வேட்டி பாதி அவிழ்ந்து தொங்குவது தெரிந்தது. ஓய்வு பெற்ற அந்த மனிதர் மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அடுத்த வகுப்பிலிருந்து நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மாமாவின் மரியாதைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் என் மரியாதைக்காகவும்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படிவம் வரும். கடந்த வாரம் எத்தனை முறை எரிச்சலடைந்தீர்கள், எத்தனை நாள் சரியாகத் தூங்கவில்லை, எத்தனை முறை குரலை உயர்த்தினீர்கள். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. நான் பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவள். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவள். மதிப்பெண்ணுக்கான கட்டத்தைக் கண்டால் எந்தப் பதில் அவர்களுக்குப் பிடிக்கும் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியாது. மூன்று போடுவேன். உடனே இரண்டாக மாற்றுவேன். இரண்டு உண்மைதானா என்று சமையல் செய்யும்போதும் யோசிப்பேன். அடுத்த வாரம் அதை உண்மையாக்க முயல்வேன். அதில் பலனும் இருந்தது. குரல் இறங்கியது. மகள் காதைப் பொத்துவது நின்றது.

ஐந்தாம் வாரம் ஆசிரியை எல்லார் முன்னாலும் சொன்னார்: "கடலூர் சிஸ்டரைப் பாருங்க. எவ்வளவு அழகா முன்னேறியிருக்காங்க." கல்யாணத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று முழுவதும் அதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை சத்தங்களைக் கேட்கும் பயிற்சி. பத்தரை மணிக்கு மாமாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். அவர் போகவில்லை. சுவரைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். இன்னும் பத்து நிமிஷம் நிற்க வைத்திருக்கலாமோ என்று அப்போதே தோன்றியது. மணி பத்து ஐம்பத்தைந்து. தாழ்ப்பாளைப் போட்டேன்.

வகுப்பில் ஆசிரியை கண்ணை மூடச் சொன்னார். "காதுல விழுற சத்தத்த நல்லது கெட்டதுன்னு பிரிக்காதீங்க. எதுக்கு வருது, யாரு போடுறாங்கன்னு பின்னாடியே போகாதீங்க. சத்தம்னு மனசுக்குள்ள ஒரு பேர் வெச்சிட்டு விட்டுடுங்க. வரும், போகும்."

மின்விசிறி. சத்தம். தெருவில் மீன்காரர் வண்டியின் ஹாரன். சத்தம். தூரத்தில் ரயில். சத்தம்.

பிறகு, டொக்.

நான் காத்திருந்தேன். இரண்டாவது தட்டு வருகிறதா என்று காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை.

சத்தம், என்று பேர் வைத்தேன்.

கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். ஒன்றுதான். எழுந்திருக்க வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்தது. அதே சமயம், எழுந்தால் என் கட்டம் காலியாகும், கடலூர் சிஸ்டர் போய்விட்டார் என்று தெரியும், இத்தனை பேரில் நான் ஒருத்தி மட்டும் ஒரு சத்தத்தின் பின்னால் ஓடிவிட்டேன் என்று ஆகும் என்றும் தோன்றியது. முதல் நாள் எழுதி வைத்த வரி நினைவுக்கு வந்ததா? வந்தது. அது பெரிய அவசரங்களுக்குச் சொன்னது என்று வைத்துக்கொண்டேன். சத்தம், என்றேன். டொக். சத்தம். டொக். சத்தம்.

எழுதக் கை வராத இடம் இதுதான். பயிற்சி பலித்தது. தோள்கள் இறங்கின. மூச்சு நீண்டது. அந்தத் தட்டல் என்னைவிட்டு விலகி, மின்விசிறி போல, ரயில் போல, யாருக்கோ சொந்தமான ஒன்றாக ஆனது. அவரைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த இந்த நான்கு வருஷத்தில் நான் மிக நிம்மதியாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். எப்போது தட்டல் நின்றது என்று எனக்குத் தெரியாது. கவனிக்கவில்லை.

கண் திறந்ததும் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் கேட்டார். என் முறை வந்தபோது மின்விசிறி, மீன்காரர், ரயில் என்றேன்.

"ஏதாவது ஒரு சத்தம் உங்கள இழுத்துச்சா?"

"ஒண்ணு இழுத்தது மேடம். விட்டுட்டேன்."

"வெரி குட்" என்றார்.

கதவைத் திறந்தேன். மாமா கதவை ஒட்டி, அதைப் பார்த்தபடியே நின்றிருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தரையில் ஈரம் வாசற்படி வரை வந்திருந்தது. வலது கை விரல் முட்டியில் தோல் உரிந்து லேசாக ரத்தம். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயணிக்குச் சமாதானம் சொல்லும் குரலில் சொன்னார்:

"டிரைவருக்குக் கேக்கல போலம்மா. ஸ்டாப்பு தாண்டிட்டாரு."

அவரைக் குளிப்பாட்டினேன். தரையைத் துடைத்தேன். விரலில் மருந்து போட்டேன். மாலையில் கணவர் கேட்டபோது குளியலறைச் சுவரில் இடித்துக்கொண்டார் என்றேன். அந்த ஞாயிறு படிவத்தில் 'எத்தனை முறை எரிச்சலடைந்தீர்கள்' என்பதற்குப் பூஜ்யம் போட்டேன். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு மாமா அந்த ஒற்றைத் தட்டைத் தட்டவே இல்லை.

முதல் இரண்டு நாள் தற்செயல் என்று நினைத்தேன். கதவைப் பகல் முழுதும் திறந்து வைத்தேன். செவ்வாய் வகுப்பில் அவரைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். யார் பார்த்தால் என்ன என்றிருந்தது, அந்தத் துணிச்சல் நாலு நாள் தாமதமாக வந்தது. அவர் அசைந்தால் எழுந்தேன். நானே கதவில் ஒருமுறை தட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். "என்னம்மா வேணும்?" என்றார். இன்னொரு முறை தட்டினேன். "உள்ள இருக்கிறவரு வருவாரு, இரு" என்றார். அதற்குள் நாற்காலி நனைந்திருந்தது.

நோய் முற்றுகிறது என்றார் டாக்டர். இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகும், உங்கள் தப்பில்லை என்றார். நான் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை, ஆகவே அந்த ஆறுதல் எனக்குச் சேராது. தவிர, இரண்டு தட்டு இருந்தது. சாப்பிட்டு முடித்தால் மேஜையில் டொக் டொக். வேட்டி மாற்றிவிட்டால் டொக் டொக். கிளம்பச் சொல்வது அவருக்கு மறக்கவில்லை. நிறுத்தச் சொல்வது மட்டும்தான் போயிருந்தது. நோய் அப்படிப் பொறுக்கி எடுத்துக்கொள்ளுமா? எடுத்துக்கொள்ளலாம். எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணி போன் செய்தார். "அப்பா இப்பல்லாம் சத்தமே போடறதில்லையாமே? தம்பி சொன்னான். நீயும் கத்தறதில்லையாம். நான் சேத்துவிட்ட கிளாஸ் வேலை செய்யுது பாத்தியா?"

"ஆமா அண்ணி" என்றேன்.

கடைசி வகுப்பில் எல்லாரையும் இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசிய பெரியவர், மனைவி தூங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவதாகச் சொல்லி அழுதுவிட்டார். ஆசிரியையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் தாளை எப்படிப் படிப்பது? "எல்லாருக்கும் நன்றி. ரொம்ப உதவியா இருந்தது" என்றேன். சான்றிதழ் வாட்ஸப்பில் வந்தது.

ஒரு வாரம் கழித்துக் கணவரிடம் சொன்னேன். இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவர் கதவத் தட்டினாரு. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல."

"எவ்ளோ நேரம்?"

"கால்மணி நேரம் இருக்கும்."

அவர் மென்று விழுங்கினார். "சரி விடு. அவருக்கு ஞாபகமா இருக்கப்போவுது?"

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத் தெரியும்.

"ஞாபகம் இருக்கு. புதுசா எதையும் கத்துக்க மாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு இல்ல? தட்டினா யாரும் வர மாட்டாங்கன்னு மட்டும் கத்துக்கிட்டாரு."

அவர் கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அக்கா ஹோம்ல பேசிட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க" என்றார். எனக்குச் சொல்லாமலே பேசி முடித்திருந்தார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. இனி மகளைச் சாயங்காலம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போகலாம் என்றுதான் மனசு முதலில் போனது. அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை நான் எழுந்திருக்காததற்கும் இதுதான் காரணமா? அந்த ஒரு தட்டு நின்றால் அவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேனா? இல்லை என்று சொல்லத்தான் ஆசை. நான் நல்ல மாணவியாக இருக்க நினைத்தேன், அவ்வளவுதான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றவில்லை.

வாடகைக் காரில் கூட்டிப் போனோம். அது அவருடைய தடம். ஒரு காலத்தில் காரைக்காடு, ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், முட்லூர் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். அன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் வந்தார். புதுச்சத்திரத்துக்கு அப்பால் ஆடுகள் சாலையைக் கடப்பதற்காக டிரைவர் காரை நிறுத்தினார். ஆடுகள் போய் முடிந்ததும் மாமா கண்ணாடியில் தட்டினார். டொக் டொக்.

"ரைட் குடுத்துட்டாருங்க" என்று சிரித்துக்கொண்டே டிரைவர் காரை எடுத்தார். கணவரும் சிரித்தார்.

ஹோம் சுத்தமாகத்தான் இருந்தது. அண்ணி எங்களுக்கு முன்பே வந்து, வாழைப்பழமும் புது வேட்டிகளும் வாங்கி வைத்திருந்தார். அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என்னிடம்தான் கொடுத்தார்கள். எனக்குப் படிவங்கள் நிரப்பத் தெரியும். சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா, தானே சாப்பிடுவாரா. பிறகு, இயற்கை உபாதையைத் தெரிவிப்பாரா: ஆம், இல்லை. எதிலும் டிக் போட முடியவில்லை. பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்: ஒருமுறை தட்டினால் நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். உடனே கூட்டிப் போக வேண்டும்.

அங்கிருந்த பணிப்பெண் வாங்கிப் படித்தார். "இப்பவும் தட்டுறாராம்மா?"

"இல்ல."

"அது நின்னு ரெண்டு மாசமாவுது" என்றார் அண்ணி. "டயப்பர்தான் இப்ப. எதுக்கு அதையெல்லாம் எழுதிக்கிட்டு?"

"அடிச்சிடட்டுமாம்மா?" என்றார் பணிப்பெண்.

"இருக்கட்டுங்க. ஒருவேள தட்டினா திறந்துடுங்க."

"இங்க நாங்க யாரையும் பூட்டறதில்லம்மா" என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

வெளியே வரும்போது அண்ணியிடம் விசிலைக் கேட்டேன். மாமா தலையணைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றேன். "அய்ய, அத எங்க வெச்சேன்னே ஞாபகம் இல்லையே. தேடிப் பாத்துக் குடுக்கறேன்" என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நான் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போன முறை திரும்பி வரும்போது செல்போனில் ஒரு செய்தி. பயிற்சி முடிந்து மூன்று மாதம் ஆகிறது, உங்கள் நிலையை அறிய ஒரு சிறு படிவம் என்று. அதே கேள்விகள். கடந்த வாரம் உங்கள் பராமரிப்பில் உள்ளவரால் எத்தனை முறை எரிச்சலடைந்தீர்கள்? பூஜ்யம். எத்தனை முறை குரலை உயர்த்தினீர்கள்? பூஜ்யம். எத்தனை நாள் தூக்கம் கெட்டது? இதற்கு மட்டும் நான்கு போட்டேன். பிறகு மூன்றாக மாற்றப் போய், மாற்றாமல் விட்டேன்.

கடைசியில், வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா என்று ஒரு காலிக் கட்டம் இருந்தது. அதை நான் எப்போதும் காலியாகவே விடுவேன். இந்த முறை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பயிற்சி செய்யச் சொல்லுங்கள், வேட்டி அவிழ்ந்து வந்து நின்றாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள் என்று தட்டச்சு செய்தேன். திரும்பப் படித்தேன். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அனுப்பிவிட்டேன். நன்றி, உங்கள் பதில் பதிவாகிவிட்டது என்று உடனே வந்தது.

ஆலப்பாக்கத்தில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். முன்சீட்டிலிருந்து ஒரு வயதான அம்மாள் பையையும் கம்பியையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினார். பின்னாலிருந்து யாரோ சலித்துக்கொண்டார்கள். அவர் இறங்கி முடிக்கும்வரை பஸ் நின்றது.